அம்மாவுக்காக அடுப்பை இடம் மாற்றிய அப்பா

எங்கள் அப்பா சுரக்குடியில் ஒரு நெல் விவசாயக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார். காரைக்காலில் அரசு அலுவலக எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு போய்வந்தார். அவர் கட்டிய தளம் போட்ட வீடு சிறியது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

ஒரு சித்திரைப் பகலில் அம்மா அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். ஏற்கெனவே இதயம் பலவீனமானவர். இனி வெக்கை ஆகாது என்றார் மருத்துவர். ஏசி காற்றோ அம்மாவுக்கு மூச்சை அடைத்தது.

அப்பா ஒவ்வோர் அறையிலும் உட்கார்ந்து பார்த்தார். வெயில் தருவது போக, வீட்டுக்குள் நாமே சூட்டை உண்டாக்குகிறோம் என்பது அவருக்குப் பிடிபட்டது. படுக்கையறையிலிருந்த ஃபிரிட்ஜின் பின்புறம் அனலாக இருந்தது. அதைப் பின்கட்டுக்கு நகர்த்தினார். குண்டு பல்புகளைக் கழற்றினார். பகலில் டிவியும் இஸ்திரிப் பெட்டியும் கூடாது என்றார். கொல்லையில் ஓட்டுச் சாய்ப்பு இறக்கி அடுப்பை அங்கே கொண்டுபோனார். கோடை முழுவதும் விடியுமுன் சோறும் குழம்பும் தாமே ஆக்கி வைத்துவிட்டு அலுவலகம் புறப்பட்டார்.

அடுத்த தெருவில் இருக்கும் பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஆம்பள அடுப்படியில நின்னா ஊரு என்னடா சொல்லும்?"

அப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சொல்றவங்க சொல்லட்டும்ண்ணே. அவ நல்லா மூச்சு விட்டா எனக்குப் போதும்."

பின்னொரு அக்கினி நட்சத்திரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, எங்கள் வீடு உட்படச் சுற்றிலும் மின்விசிறிகள் நின்றுபோயின. பெரியப்பா பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அனலில்லாத வெறுந்தரையில் நிம்மதியாகத் தூங்கினார். கிளம்பும்போது, தமக்கும் அப்படியொரு சாய்ப்பு போட்டுத் தரச் சொன்னார். அப்பா மறுபேச்சில்லாமல் கொத்தனாரோடு போய் நின்றார். இதைப் படிக்கும்போது பெரியப்பா சிரிப்பார் என்று நம்புகிறேன்.

அம்மா மறுபடி அடுப்படியில் விழவேயில்லை. கடைசி மாதங்களில் அப்பா படுத்தபோது, பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டியவர் அம்மாதான்.

அந்நாட்களில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்த பெரியப்பா மகன்களுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய தெருவினருக்கும், இந்த முதலாண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அப்பா சமைத்த விஷயம் இந்த நினைவு மலரில் வேண்டுமா என்று உறவில் சிலர் தயங்கினார்கள். அம்மாவிடம் கேட்டேன்.

"எழுதும்மா," என்றார். "கட்டிக்கிட்டு வந்தவள வேக விடாத மனுஷன்னு எழுது."