வெள்ளியில் உயிர்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஜெராமிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்று அறிவியல் தேர்வு. விடிவதற்கு முன்பே எழுந்து, லயத்து வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்தேன்.

“வெள்ளியில் உயிர்கள் வாழ முடியாது.”

மரம் சீவக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா நின்றார். “யாரு சொன்னா? வெள்ளி இல்லாமத்தான் வாழ முடியாது.”

எங்கள் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பேர். எனக்கு எரிச்சலாக வந்தது.

“காசு இல்லம்மா, இது கோள். விடிவெள்ளி. அங்க அடுப்பு மாதிரி கொதிக்குது. ரஷ்யாக்காரன் எறக்குன மெஷினே கொஞ்ச நேரத்துல செத்துப்போச்சு.”

அம்மா பின்கதவைத் திறந்து பார்த்தார். மரங்களுக்கு மேலே அது நின்றது.

“இதுவா? பாத்தா குளுமையா இருக்கு லா. நம்ம கடியாரம் கெட்டுப்போனதுலேருந்து இதப் பாத்துத்தான் பெரட்டுக்குப் போறேன்.”

காலைப் பெரட்டில் மண்டோர், அதாவது கங்காணி, பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மா ஒருநாளும் பிந்தியதில்லை. எப்படி என்று நான் கேட்டதும் இல்லை.

தேர்வில் மனப்பாடம் செய்ததையே எழுதினேன், சரி போட்டார்கள். அந்தக் கோளில் உயிர் இருக்குமா என்று இன்றும் தேடுகிறார்களாம். தேடட்டும். அதைப் பார்த்து இருட்டில் நடந்த ஒருவரால்தான் இங்கே நானும் என் இரண்டு தம்பிகளும் உயிரோடு இருக்கிறோம்.