ஒரு செரிங்கவுக்கு ஒரு குடம்

வினிதாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி என்று யாராவது கதை கட்டிவிடுவார்கள். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வெளியே எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். காலையில் நான் குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வந்து, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா அக்கா, காலேஜுக்கு நேரமாச்சுங்க என்பாள். அவ்வளவு பணிவாகக் கேட்டால் என்ன செய்வது? தள்ளித்தான் ஆகவேண்டும். மரியாதையாலேயே அடுத்தவள் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிற சாமர்த்தியம் எனக்கு வராது.

என் பெயர் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கம். பதினொரு வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் டெய்லர். எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். இந்த ஊரிலோ வேண்டாம் என்பதற்கும் முதலில் "செரிங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வந்த புதிதில் அதைச் சம்மதம் என்று நினைத்து நான் ஏமாந்தது கொஞ்சநஞ்சமில்லை. நாளைக்கு என் மிஷினில் நீ உட்கார்ந்துகொள் என்று பக்கத்து மிஷின்காரியிடம் சொல்வேன். செரிங்க என்பாள். மறுநாள் ஆளைக் காணாது. கேட்டால், நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுன்னுதானுங்க சொன்னேன் என்பாள். காதில் விழுந்ததைச் சொல்வதற்கு ஒரு சொல், ஒத்துக்கொள்வதற்கும் அதே சொல். இது என்ன பாஷை என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

வினிதா இந்த ‘ங்க’வை எல்லோரையும்விடத் தாராளமாகப் போடுகிறவள். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட அக்கட்டப் போங்க என்றுதான் விரட்டுவாள். அவளுடைய அப்பா நல்லானுக்கு மட்டும் அது கிடையாது. சோறு இருக்குது, தின்னு. கதவைச் சாத்து. எங்கள் ஊரில் அப்பனிடம் இப்படிப் பேசினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த ஊரில் அது கன்னத்தில் அறைவது மாதிரி. லைன் வீடு முழுக்கக் கேட்கும்படி எட்டு வருடமாக அறைந்துகொண்டிருந்தாள். அவரும் வாங்கிக்கொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. நல்லான் ஒரு நிட்டிங் கம்பெனியில் பத்தொன்பது வருடம் மிஷின் ஓட்டியவர். ஒரு தடவை ஊசி ஒடிந்து ரோல் ரோலாகத் துணியில் கோடு விழுந்துவிட்டது. ஊசி பழசு, மாற்றித் தாருங்கள் என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தார். கம்பெனி விசாரணை வைத்தது. மேனேஜர் ஒவ்வொன்றாக வாசித்தார். வேலை நேரத்தில் தூங்கினாய். செரிங்க. மிஷினைக் கவனிக்கவில்லை. செரிங்க. துணி வீணானது உன்னால்தான். செரிங்க. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழக்கூடாது, வாசித்து முடிக்கட்டும், பிறகு நம் பக்கத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார் மனிதர். முடித்தவுடன் காகிதத்தை நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு செரிங்கவுக்கும் எதிரே ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதியிருந்தது. வேலை போயிற்று. இப்போது வேறொரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.

அப்போது வினிதா பி.காம். கடைசி வருடம். தாய் இல்லாத பெண். வாயைத் திறந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உனக்கு என்று அப்பனைக் கேட்டாளாம். அன்றைக்குப் போனதுதான் ‘ங்க’. இரண்டு வருடம் வேலைக்குப் போய்விட்டுச் சட்டம் படிக்கச் சேர்ந்தாள். இந்த மாதிரி விசாரணைகளில் தொழிலாளி பக்கம் நின்று பேசவேண்டும், அதற்கு வக்கீலாக வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. பகலில் கல்லூரி, சாயங்காலம் லேபிள் கம்பெனியில் அரை ஷிப்ட். மூன்று வருடப் படிப்பு அரியர் விழுந்து விழுந்து ஆறாவது வருடத்துக்கு வந்துவிட்டது. எப்படியோ எழுத்துத் தேர்வுகளை எல்லாம் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது மூட் கோர்ட் மட்டும். பேராசிரியர் நீதிபதியாக உட்காருவார், மாணவர்கள் வக்கீலாக நின்று வாதாட வேண்டும். அதில் தேறாமல் பட்டம் கிடையாது.

தேறவில்லை.

முடிவு வந்த அன்று துணி துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஆசையா என்ன, வேறு ஆள் இல்லை. கட்டிங் மிஷினில் விரல் போன ஒரு தொழிலாளிக்காக அவள் வாதாட வேண்டியிருந்ததாம். தமிழிலேயே பேசலாம் என்று விட்டிருக்கிறார்கள். இரும்புக் கையுறையைக் கழற்றி வைத்தது உங்கள் கட்சிக்காரர்தானே என்று நீதிபதி கேட்டார். செரிங்கய்யா, ஆனா என்று ஆரம்பித்திருக்கிறாள். அவருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள் அல்லவா என்றார். ஆமாங்கய்யா, அது வந்துங்க என்றிருக்கிறாள். ஆனா என்பதற்குப் பிறகு அவள் சொன்னதை அந்த ஆள் கேட்கவே இல்லை. மதிப்பெண் தாளில், மூன்று இடங்களில் எதிர்த்தரப்பின் வாதத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதி ஃபெயில் போட்டுவிட்டார். எட்டு வாரத்தில் மறுதேர்வு. அந்தக் கல்லூரி விதிப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தடவை. அதுவும் போனால் ஆறு வருடமும் போச்சு.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போகட்டும் விடு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அப்பனும் மவளும் ஒரே சொல்லுலதான் கெட்டிருக்கிய."

நிமிர்ந்து பார்த்தால் பின்னால் நல்லான், டிபன் கேரியருடன் நிற்கிறார். கேட்டுவிட்டார். கேரியரோடு உள்ளே போனார். வினிதா என் வாளித் தண்ணீரைத் தூக்கி அப்படியே என் தலையில் ஊற்றினாள். நான் அவள் ஜடையைப் பிடித்தேன். எட்டு வீட்டுக்காரர்களும் வந்துதான் பிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் ஆடின ஆட்டம் இருக்கிறதே! அரை ஷிப்டுக்குப் போகவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. புத்தகங்களைக் கட்டிப் பரணில் எறிந்தாள். ‘ங்க’தானே என்னைக் கெடுத்தது என்று அதை எல்லோரிடமும் நிறுத்திவிட்டாள். வாடகை எப்போது தருவீர்கள் என்று கேட்டு வந்த வீட்டுக்காரரின் மனைவியைப் பார்த்து, எனக்குத் தெரியாது, போ என்றாள். அந்த அம்மாள் அழாத குறையாகத் திரும்பிப் போனார். நல்லான் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் புள்ளைக்கு மனசு செரியில்லீங்க, பொறுத்துக்கோங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் வெறி ஏறியது. உன்னை எவன் மன்னிப்புக் கேட்கச் சொன்னது என்று கத்தினாள். அவர் செரி கண்ணு என்றார். தட்டு பறந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது, ஆனால் தட்டுதான் என்று தெரியும்.

ஒருநாள் அந்தப் பேராசிரியரே போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சுவரில் காதை வைக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லையே, உனக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று நினைக்கிறேன், வேறு ஏதாவது வேலை பாரேன் என்றார். செரிங்க சார், செரிங்க என்றாள் இவள். வீட்டுக்காரம்மாவைப் போ என்றவள்! போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். அழுகிற சத்தம் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கதவைத் தட்டினாள்.

"பேரு குடுத்துட்டனுங்க அக்கா. நீங்க என்னை எதுத்துக் கேள்வி கேக்கோணும். உங்களாட்ட என்னை வெறுக்கறவங்க இந்த லைன்ல ஆருமில்லீங்க."

அவ்வளவு மரியாதையாக ஒருத்தி என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. செய்யுதேன், ஆனா நீ சொல்லுற ஒரு செரிங்கவுக்கு ஒரு குடம் தண்ணி எங்க வீட்டுக்குச் சுமக்கணும், ஆமாங்கவுக்கும் அதே கணக்குத்தான் என்றேன். செரிங்க என்றாள். குடத்தை எடுத்து நீட்டினேன்.

அன்றைக்கு மட்டும் பதினான்கு குடம். என் வீட்டில் நிரப்புவதற்குப் பாத்திரம் இல்லாமல் பக்கத்து வீட்டு டிரம்மையும் நிரப்பினோம். கேள்விகள் அவள் கொடுத்த தாளிலேயே இருந்தன. அது தீர்ந்ததும் நானாகக் கேட்டேன். உன் மூளைக்குச் சட்டம் ஏறாது, அப்படித்தானே? அப்பனுக்குச் சோறு போடுகிற லட்சணத்தில் நீ ஊருக்கு நியாயம் கேட்கப் போகிறாய், இல்லையா? திட்டுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அவள் உதடு தன்னால் செ என்று குவியும், பல்லைக் கடித்து விழுங்குவாள். அடுத்த ஞாயிறு ஒன்பது குடம். அதற்கடுத்த வாரம் ஆறு. ஐந்தாவது வாரம் இரண்டு. தண்ணீர் குறையக் குறைய எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குழாயில் நானே நிற்கவேண்டி வந்துவிட்டதே.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு அவள் வீட்டு முன்னால் உட்கார்ந்து ஒரு மணிநேரம் கேட்டும் ஒரு குடம்கூட விழவில்லை. எழுந்திருக்கப் போனேன். அப்போது நல்லான் டியூட்டி முடிந்து யூனிபாரத்தோடு வந்து வாசலில் நின்றார். நானொண்ணு கேக்கலாமுங்களா அம்மிணி என்று என்னிடம்தான் கேட்டார். மகளைப் பார்க்கவில்லை. நான் என் நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"எட்டு வருசத்துக்கு முன்னால கம்பெனி விசாரணையில, உங்கப்பன் எல்லாத்துக்கும் செரிங்க, செரிங்கன்னாருங்க. அப்படின்னா தப்பை ஒத்துக்கிட்டாருன்னுதானுங்களே அர்த்தம்?"

மகளிடம் அவர் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வினிதாவின் உதடு குவியும் என்று குடத்தைப் பார்த்தேன். இப்போது அவள் செரிங்க என்று சொல்லிவிட்டால் இந்த மனிதர் இனித் தலைநிமிரவே மாட்டார் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இல்லீங்கப்பா" என்றாள்.

"பின்னே என்னுங்க அர்த்தம்?"

"அவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. அவ்வளவுதானுங்கப்பா. ஒத்துக்கிட்டதா எழுதுனது அவங்க தப்புங்க."

நல்லான் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார், பிறகு வீட்டுக்குள் போகிறவருக்கு எதற்குத் தொப்பி என்று தோன்றியிருக்கும், மறுபடியும் கழற்றினார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து வினிதாவைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை தேர்வு. அதே ஆள், அதே கேள்வி. கையுறையைக் கழற்றி வைத்தது உங்கள் கட்சிக்காரர்தானே? இல்லீங்கய்யா, கம்பெனி அவருக்குக் கையுறையே கொடுக்கவில்லை, கொடுத்ததாகக் காட்டும் கையெழுத்து எங்கே என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினாள். தொனி கடுமையாக உள்ளது என்று அந்த ஆள் இந்தத் தடவையும் ஒரு குறை எழுதிவைத்தார். நாசமாய்ப் போக.

முடிவு வந்தபோது நான் குழாயடியில் இருந்தேன். நல்லான் டியூட்டிக்குக் கிளம்பி நின்றார்.

"பாஸாயிட்டனுங்கப்பா."

"செரிங்க கண்ணு" என்றார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பெரியவரே, ஒரு குடம் என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது. அந்த மனுசன் நிஜமாகவே தொப்பியைக் கல்லில் வைத்துவிட்டு, என் குடத்தைத் தூக்கிக் குழாயில் பிடித்தார். வினிதா ஓடிவந்து, இல்லீங்கப்பா, நீங்க வைங்க என்று அதைப் பிடுங்கினாள். நிரப்பினாள். என் வாசல் வரை சுமந்து வந்து, வேண்டுமென்றே பாதித் தண்ணீர் என் காலில் கொட்டுகிற மாதிரி இறக்கி வைத்தாள்.