ரோசம்மாவின் நிறம்

கடைக்குள் வந்ததும் ரோசம்மா முதலில் குடையை மடக்குவார். வெயிலுக்காக மேலே போட்டுவந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றுவார். பிறகுதான் பெயர் அட்டையைக் குத்திக்கொள்வார். அதில் இருக்கும் பழைய படத்தில் நல்ல கறுப்பு. குத்திக்கொள்பவரோ வெளுத்துப்போனவர். புதிதாக வருகிறவர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

தேக்காவில் ஓர் அழகுப்பொருள் கடையில் விற்பனையாளர் அவர். வீடு கிளமெண்டியில். ரத்தப் புற்றுநோய்க்குப் பல வருடமாகத் தினமும் மாத்திரை விழுங்குகிறார். உயிரைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான், தோலின் நிறத்தைக் கரைத்ததும் அதுதான். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், வெயில் பட்டால் கன்னம் எரியும், கையெல்லாம் அரிக்கும். "சாகுறதுக்கு இது தேவலை லா" என்பார்.

ஆனால் நம் சனங்கள் இருக்கிறார்களே! "கலர் ஏறிட்டீங்க அக்கா, என்ன கிரீம் போடுறீங்க?" என்று கேட்காத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தும் கேட்கிறார்கள். சின்ன வயதில் "கரிச்சட்டி" என்று கூப்பிட்டவர்களும் அதில் உண்டு. கூடவே நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலாளி காதர் மைதீன் கெட்டவர் இல்லை. மருத்துவமனை நாளில் சம்பளம் பிடிக்கமாட்டார், நிற்க முடியாதபோது உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அவரேதான் போன வாரம் சிவப்பழகு கிரீம் அடுக்கை ரோசம்மா நிற்கும் இடத்துக்கு மாற்றினார்.

"பொய் சொல்ல வேணாம் ரோசம்மா. யாராச்சும் கேட்டா சும்மா சிரிங்க, போதும்."

"சிரிச்சாலும் பொய்தான் பாய்."

"பிசினஸ் ரொம்ப டல்லா இருக்கு. பாத்துக்குங்க."

இந்த வயதில், இந்த உடம்போடு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அது ரோசம்மாவுக்கும் தெரியும்.

நேற்று நான் தலைக்கு டை வாங்கப் போயிருந்தேன். ஒரு பெண்மணி இரண்டு கிரீம் டப்பாக்களைக் கையில் எடுத்தார்.

"நீங்க யூஸ் பண்றது இதுதானே அக்கா? என் மகளுக்குத்தான்."

கல்லாவிலிருந்த காதர் மைதீன் நிமிர்ந்து பார்த்தார். ரோசம்மா சிரிக்கவில்லை. பெயர் அட்டையைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"நான் இப்படித்தான் இருந்தேம்மா. ப்ளட் கேன்சர் மாத்திரை போட்டுத்தான் வெளுத்துட்டேன். கிரீம் இல்ல."

அந்த அம்மாள் டப்பாக்களைக் கீழே வைத்தார். முதலாளி மறுபடி கல்லாவில் குனிந்துகொண்டார். ரோசம்மா இரண்டையும் அடுக்கில் திருப்பி வைத்தார். "வேற என்ன பாக்குறீங்க?" என்று கேட்டபடியே, படம் வெளியே தெரிய, அட்டையை மறுபடி குத்திக்கொண்டார்.