மூன்று ரிசீவர்களும் ஒரு ராங் நம்பரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு போன் லைன்தான் இருந்தது. அந்த ஒரு லைனில் மூன்று போன்கள். கீழே அப்பாவின் மிளகு, சுக்குக் கடையில் ஒன்று. மாடிக் கூடத்தில் ஒன்று. எங்களோடு இருந்த அத்தைக்கு முழங்கால் வலி, கூடம்வரை நடக்க முடியாது என்று அவர் அறைக்குள் இன்னொன்று. மணி அடித்தால் மூன்றும் சேர்ந்து அடிக்கும். மூன்று பேர் எடுத்து மூன்று ஹலோ சொல்வோம். அழைப்பு யாருக்கு என்று தெரிந்ததும் மற்ற இருவரும் வைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அப்படி ஒருவர்கூட வைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஒட்டுக்கேட்பவர்கள் கூடக் கூட எதிர்முனைக் குரல் தேய்ந்துகொண்டே போகும். இருக்கிற சத்தத்தை எல்லோரும் பங்கு போட்டால் அப்படித்தான் ஆகும் என்று வயர் இழுத்த சேட்டன் முதலிலேயே சொல்லியிருந்தார். அத்தை முந்தானையால் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்பார். அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அவருக்குப் பின்னால் மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல் கேட்கும்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார். பதற்றத்தில் நான் சர்க்கரை போடாமல் கொடுத்த சாயாவை முகம் மாறாமல் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் கோயம்புத்தூரிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. அவர்தான்.

"நீங்க மட்டும்தானே லைன்ல இருக்கீங்க?" என்றார்.

"ஆமா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் குரல் சட்டென்று இறங்கியது. கடையில் அப்பா எடுத்துவிட்டார். மறுபடி இறங்கியது, அத்தை. இவ்வளவு நேரம் என் பக்கத்தில் நின்ற அம்மாவைக் காணோம். திறந்திருந்த கதவு வழியே பார்த்தால், அத்தையும் அம்மாவும் ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு காதை ஒட்டவைத்திருந்தார்கள்.

அவர் ஏதோ ரகசியம்போலச் சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றேன். சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. தபாலாபீஸிலிருந்து பேசுகிறார், பின்னால் வரிசை நிற்கிறது என்பது மட்டும் புரிந்தது. நான் மூன்றாவது முறை கேட்டதும், லைனைப் போட்டுக் கொடுத்த ஆபரேட்டர் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மோளே, அயாள்க்கு ஈ கல்யாணம் வேண்டாத்ரே. அம்மயோடு பறயான் பேடியாணு. நீ தன்னே வேண்டான்னு பறயணம்னு." அதே மூச்சில், "மூணு மினிட்டாயி, நீட்டணோ?"

அவருக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம். தன் அம்மாவிடம் சொல்லப் பயமாம். அதனால் என் பக்கத்திலிருந்து நானே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமாம். நான் போனை வைத்துவிட்டேன்.

அப்பா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "யாரு மோளே போன்ல?"

"ராங் நம்பர்ப்பா."

மூன்று நிமிடம் என்ன ராங் நம்பர் என்று அந்த வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஒட்டுக்கேட்டது வெளியே வந்துவிடும்.

அன்றிலிருந்து வீட்டுக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. கோயம்புத்தூர்த் தண்ணீர் நம் உடம்புக்கு ஆகாது என்றார் அம்மா. சிறுவாணித் தண்ணீரைச் சொல்கிறார்! அதுவும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் பைப்படியில் சண்டை போடும் மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு. அத்தை தன் கனவில் பல்லி விழுந்தது என்றார். மறுநாள் இரண்டு பல்லி விழுந்தது. மீன் வறுத்தால் பெரிய துண்டெல்லாம் என் தட்டுக்கே வந்தது.

எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் ராங் நம்பருக்கு யாராவது அழுவார்களா? கண் சிவந்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று குளியலறையில்கூட அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னபடி வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிடித்த ஆளை எப்படி வேண்டாம் என்பது? ஒரு வாரம் அந்தப் பாரத்தோடே வளைய வந்தேன்.

எட்டாம் நாள் காலை கூடத்துப் போன் மெல்ல டிங் டிங் என்றது. கீழே அப்பா டயல் சுற்றினால் மேலே அப்படித்தான் சிணுங்கும். நானும் அந்த வீட்டுப் பெண்தானே, எடுத்தேன். அப்பா இடக்கொச்சி ஜோசியரோடு பேசிக்கொண்டிருந்தார். இருந்த அவசரத்தில் குரல் இறங்கியதை அவர் கவனிக்கவில்லை.

"பத்துப் பொருத்தமும் உண்டுன்னு நான்தானே எழுதித் தந்தேன்?" என்றார் ஜோசியர்.

"அது செரி. இப்ப சேராதுன்னு சொல்லணும்."

"எந்தினா?"

"அந்தப் பையனுக்கு இஷ்டமில்ல. என் மோளுக்கு அவன்மேல நல்ல இஷ்டம். ஒரு வாரமா அவ அழாம நடக்கிறா. எனக்குக் கண்டு நிக்க வய்யா. பழி கிரகத்துமேல போகட்டும்."

ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றேன். சிறிது நேரத்தில் அப்பா மேலே வந்தார். அம்மாவையும் அத்தையையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் என்னிடம் சொன்னார்: "மோளே, ஜாதகம் சேரலயாம். ஜோசியர் இப்பத்தான் சொன்னார். இது நமக்கு வேண்டாம்."

சுக்கு மணக்கும் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதேன்.

"அழுதுக்கோ மோளே" என்றார் அப்பா. "ஜாதகம் சேரலன்னா ஆருக்கும் அழுகை வரும்."