மீதமிருந்த இரண்டு இடங்கள்

கிழக்கேகோட்டையில் பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது சங்கரனின் அழைப்பு வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவர் மனைவி விசாலாட்சியின் காரில் நான் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருப்பேன். கார் பழுதாகிக் கிடந்ததால் சில நாட்களாகப் பேருந்து. "மணி, விசாலம் எழுந்திருக்கலை" என்றார். உடம்புக்கு என்னவென்று கேட்டேன். அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். அதன் பிறகே எனக்கு விளங்கியது.

வஞ்சியூர் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாலாட்சி நடத்திய விதம் உங்களில் பலருக்குத் தெரியும். பல ஆண்டுகள் ஒரே அறையில் அமர்ந்து வக்கீல் தொழில் செய்தவன் என்ற முறையில் அதைப் பற்றியும் எழுதலாம். ஆனால் அவருடைய கடைசி நாட்களில் வலியசாலைத் தெருவில் ஒரு பேச்சு உலவியது. அந்தக் காரைக் கெடுத்தது மெக்கானிக் செல்வராஜ் என்பது அந்தப் பேச்சு. அது என்ன ஆயிற்று என்பதை அறிய, அவரை அறிந்தவர்களுக்கு உரிமை உண்டு. நான் நேரில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

அது கார்புரேட்டர் வைத்த பழைய கார். பழவங்காடி சிக்னலில் நின்றபோதுதான் அந்தக் குலுக்கத்தை முதலில் கவனித்தோம். என்ஜின் சீராக ஓடாமல் இடையிடையே ஒரு அடியைத் தவறவிட்டது, முன்கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "சேச்சி, வண்டிக்குப் பனியாணோ?" என்று, வண்டிக்குக் காய்ச்சலா என மலையாளத்தில் விசாரித்தார். "பனி தன்னே மோனே. டாக்டரும் ஞான் தன்னே" என்றார் விசாலாட்சி. ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினால் குலுக்கம் நின்றுவிடுமே என்றேன் நான்.

"நின்னுடும், மணி சார். ஓடறச்சே எல்லாம் நன்னாத்தான் இருக்கும். சும்மா நிக்கறச்சேதான் குறை தெரியும். லீவு நாள்ல வீட்டிலே உக்காந்திருக்கற வக்கீல்மார் மாதிரியாக்கும்."

அதற்குச் சில நாட்கள் முன்புதான் செல்வராஜ் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பொருத்தியிருந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர், கரமனையில் பட்டறை வைத்திருப்பவர். அவர் கை வைத்தார், வண்டி கெட்டது என்று சங்கரன் முடிவு கட்டினார். கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லவும் சொன்னார். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வண்டிகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். செல்வராஜ் நேராக எங்கள் அறைக்கே வந்தார். "வக்கீலம்மா, நான் கெடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேனே. இப்ப யாரும் வண்டி தரமாட்டேங்காவ" என்றார்.

அவர் போன பிறகு விசாலாட்சி என்னிடம் சொன்னது இது: "அவர் தொட்டார். அது மட்டும்தான் நமக்குத் தெரியும். தொட்டதாலேதான் கெட்டதுன்னு யார் நிரூபிச்சா?"

ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன் சோதனை தொடங்கியது. நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். விசாலாட்சி ரப்பர் கையுறை அணிந்து, ஓடும் என்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல், இரண்டாம், நான்காம் சிலிண்டர்களின் வயரைக் கழற்றியபோது என்ஜின் தடுமாறியது. மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை. "எடுத்தும் ஒண்ணும் ஆகலைன்னா, அது முன்னமே வேலை செய்யலைன்னு அர்த்தம்" என்றார்.

அடுத்து மூன்றாவதன் பிளக்கை முதலாவதற்கு மாற்றினார். குறை மூன்றாவதிலேயே நின்றது. மறுநாள் வயரை மாற்றினார், அப்போதும் அப்படியே. சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தாயிற்று. அது சரியாக இருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. எனக்குப் பொறுமை போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்றேன்.

"மாத்தினா வண்டி சரியாயிடும். யார் தப்புன்னு தெரியாது. எனக்கு அது போறும், மணி சார். செல்வராஜுக்குப் போறாது."

ஏதோ ஓரிடத்தில் என்ஜினுக்குள் வேண்டாத காற்று புகுகிறது என்ற முடிவுக்கு வந்தார். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கார்புரேட்டரின் அடிப்பக்க இணைப்பு. அது செல்வராஜ் பொருத்தியது. மற்றது, மூன்றாவது சிலிண்டரின் பக்கமிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய். அதை அவர் தொடவே இல்லை. சந்தேகமுள்ள இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், ஓட்டை அங்கே இருந்தால் நீர் அதைக் கணநேரம் அடைக்கும்; என்ஜின் அந்தக் கணம் சீராகும். சொட்டுவதற்கு அவர் உள்ளிருந்து எடுத்துவந்தது பூஜைக்கு நீர் எடுக்கும் சிறு கரண்டியான பஞ்சபாத்திரத்து உத்தரணியை.

சங்கரன் பின்னாலேயே வந்தார். "சந்தியாவந்தனம் பண்ற உத்தரணியை எடுத்துண்டு காருக்கு அபிஷேகமா?"

"ஏன்னா, ஒரு சொட்டு விழறதுக்கு இதைவிட நன்னா வேறென்ன இருக்கு?"

"அந்தப் பயலைக் காப்பாத்த உனக்கு என் உத்தரணிதான் கிடைச்சதா?" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேறு கரண்டி எடுத்துவரலாமே என்றேன். விசாலாட்சி கையுறையைக் கழற்றினார். "கோவத்தோட இருக்கறவர் முன்னாலே கண்டுபிடிச்சா ஒத்துக்க மாட்டார். நாளைக்குப் பார்ப்போம்." மறுநாள் காலையில்தான் அந்த அழைப்பு. உறக்கத்தில் இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார்.

தகனச் சடங்கன்று செல்வராஜ் வந்தார். உள்ளே வரவில்லை, எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றுவிட்டுப் போனார். சங்கரன் அவரைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுநாள் சங்கரன் என்னைக் கூப்பிட்டார். கையில் பஞ்சபாத்திரம் இருந்தது. "அவ விட்ட இடத்திலேர்ந்து பாருங்கோ. எது வந்தாலும் சரி" என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் சோதனை நடத்த எனக்குச் சம்மதமில்லை. செல்வராஜை வரவழைத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியைத் தொடாமல் நின்றார்.

நான் என்ஜினை ஓடவிட்டு அருகில் வந்தேன். சங்கரனே உத்தரணியால் சொட்டினார். முதலில் செல்வராஜ் பொருத்திய இணைப்பு. சுற்றிலும் விட்டார், குலுக்கம் குலுக்கமாகவே இருந்தது. செல்வராஜ் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு பிரேக் குழாயின் வளைவில் ஒரு சொட்டு. என்ஜின் ஒரு கணம் அடங்கி, சீராக ஓடி, மறுபடி குலுங்கியது. மீண்டும் ஒரு சொட்டு, மீண்டும் அதே.

"வெடிச்சிருக்கு சாரே, அடியில" என்றார் செல்வராஜ், இன்னும் கையைப் பிரிக்காமல். "இப்படியே ஓட்டினா ஒருநாள் பிரேக்கே கல்லாட்டம் இறுகிப் போயிரும்."

கண்டுபிடித்தாயிற்று என்று நான் சொன்ன பிறகும் சங்கரன் நிறுத்தவில்லை. பாத்திரம் காலியாகும்வரை சொட்டிக்கொண்டே இருந்தார். என்ஜின் அடங்குவதும் குலுங்குவதுமாக இருந்தது. பிறகு செல்வராஜைப் பார்த்து, "நாளைக்குக் காலம்பற கோயில் வாசலுக்கு வா. சொன்ன இடத்திலேயே சொல்றேன்" என்றார். சொல்லவும் செய்தார், நான் உடனிருந்தேன். வண்டியை மாற்றிய இரண்டு வீடுகளில் ஒன்று செல்வராஜிடம் திரும்பியிருக்கிறது. இதை எழுதும்வரை மற்றது திரும்பவில்லை.

சோதனை முடிந்த அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது சங்கரன் வாசலில் என்னை நிறுத்தினார். "அன்னிக்கே உத்தரணியைக் கொடுத்திருக்கலாம், இல்லையா மணி?" காலிப் பஞ்சபாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

குழாய் மாற்றிய அந்தக் காரில் இப்போது சங்கரனை நான்தான் அழைத்துப் போகிறேன். பழவங்காடியில் நின்றால் என்ஜின் ஓடுவதே தெரிவதில்லை. ஒருவர் தொட்டார் என்பதற்கும் அவர்தான் கெடுத்தார் என்பதற்கும் நடுவில் விசாலாட்சி பிடிவாதமாக விட்டுவைத்த இடைவெளி ஒன்று உண்டு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. கோபம் தணியட்டும் என்று அவர் எங்களுக்கு ஒரு நாள் தந்தார் என்பதும், அந்த நாள் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அதோடு சேர்ந்தே என்னிடம் இருக்கின்றன.