ஆணி அடித்த ஜன்னல்

ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு குளக்கரையில் எங்கள் வில்வண்டி நிற்கிறது. முப்பது வருஷம் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கத்தித் தீர்த்தாயிற்று. இனிமேல் சாய்வுநாற்காலியில் கிடந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் மனைவியையும் அழைத்துக்கொண்டு, கரையோரத்து இந்த வீட்டை விலை பேச வந்திருக்கிறேன். ஓட்டு வீடு, நம்பமுடியாத மலிவு, பின்சுவரை ஒட்டி அல்லி பூத்த குளம். ஆனால் குளத்துப் பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள்.

"இது ஏன் அண்ணாச்சி?" என்று வீட்டுக்காரரைக் கேட்கிறேன்.

"அங்கன பொம்பளையாளுவ குளிக்க துறைல்லா சார்வாள். ஆம்பளை இருக்க வீட்டுல இந்தப் பக்கம் திறக்கப்படாது. ஊர்க் கட்டுப்பாடு."

"அப்ப நீங்க குளத்தையே பாக்கது இல்லையா?"

"ஏன் பாக்காம? தெனமும் சாயங்காலம் அக்கரைக்குப் போயி உக்காந்து பாக்கேன். பைய நடந்தா அரை மைல்தான்."

கிளம்பிவிடலாம் என்று மனைவியைத் தேடுகிறேன். ஆளைக் காணோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், துறையிலிருந்து அவள் குரல் கேட்கிறது. யாரிடமோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்:

"தை மாசம் குடி வந்துருவோம். அவுகளையும் தெனம் நடக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருக்காரு."