ஒற்றைச் செருப்பு மந்திரவாதியின் நாள்கணக்கு

லிப்ட் மெக்கானிக்குக்கு மந்திரத்தின் மேல் கோபம் கிடையாது. கணக்கில்லாத மந்திரத்தின் மேல்தான் கோபம். முப்பது வருடமாக லிப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிறவர் அவர். பெட்டி மேலே போகிறதென்றால் மறுபக்கம் ஓர் எடை கீழே இறங்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும். மந்திரவாதிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்பது அவர் கட்சி.

அதனால்தான் பகடை விளையாட்டு அவருக்கு அத்தனை பிடித்துப்போனது. சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மனைவி, அவள் தம்பி, கீழ்வீட்டுப் பல் மருத்துவர் எல்லோரும் கூடுவார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரம், அதன் பலம், பலவீனம், கையிருப்பு எல்லாம் ஒரு தாளில். மெக்கானிக் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதையை நடத்துவார்; செய்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அந்த உலகத்தில் மந்திரவாதி காலையில் புத்தகத்தைத் திறந்து அன்றைய மந்திரங்களை மனப்பாடம் செய்தாக வேண்டும். ஆறு என்றால் ஆறுதான். சொல்லிவிட்டால் தீர்ந்தது, தூங்கி எழுந்தால்தான் மறுபடி. ஒன்பது வருடத்தில் ஒரு பகடையைக்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை. பல் மருத்துவர் அவருக்கு 'சட்டம்' என்று பெயரே வைத்துவிட்டார்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது மைத்துனன். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளன்; பேருந்துகள் வராத நேரத்தில் கதை எழுதுவான். அது வார இதழில் தொடராக வர ஆரம்பித்தது. அதில் ஒற்றைச் செருப்போடு அலையும் ஒரு கிழ மந்திரவாதி. புத்தகம் கிடையாது, மனப்பாடம் கிடையாது. கையைத் தூக்கினால் வெள்ளம் நிற்கும். முறைத்தால் கோட்டைக் கதவு திறக்கும்.

ஏழாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டு மெக்கானிக்கின் மனைவி அழுதாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள், நாள் முழுக்க உடைந்த எலும்புகளைப் பார்த்தும் கலங்காதவள், தம்பியின் கிழவர் மற்ற செருப்பை எப்படித் தொலைத்தார் என்ற கதைக்கு மூக்கைச் சிந்தினாள். ஒன்பது வருடமாக நாமும்தான் கதை நடத்துகிறோம், நம் மேஜையில் ஒரு சொட்டு விட்டிருப்பாளா என்று அவருக்கு வயிறு எரிந்தது. இது சுத்தப் பொறாமை என்று தனக்குத்தானே சொல்லியும் பார்த்தார். சொன்னதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போதாததற்கு ஒரு நாள் காலை அவளே ஆரம்பித்தாள். "என்னங்க, அடுத்த மாசத்துலேருந்து தம்பி நடத்தட்டுமே. நீங்களும் ஒரு மாறுதலுக்கு எங்க பக்கம் உட்காரலாம்ல."

அவர் லிப்ட் சோதனைக்கு வைத்திருந்த நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து படித்தார். சனிக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் நோட்டைப் பிரித்தார்.

"ஏழாவது அத்தியாயம். விடியறதுலேருந்து பொழுது சாயறதுக்குள்ள உன் ஆளு பதினோரு மந்திரம் போடுறாரு. நடுவுல கண்ண மூடினதா ஒரு வரி இல்ல. எப்படி மச்சான்?"

"அவசரம் அத்தான். ஊரே எரியுதுல்ல."

"அவசரம்னா எட்டுப் பேர் ஏற லிப்ட்ல பதினாறு பேர ஏத்துவியா?"

பல் மருத்துவருக்குத் தகராறை வளர்க்கும் பொறுமை இல்லை. "அந்தக் கிழவர இந்த மேஜைக்கே கூட்டிட்டு வாங்களேன். பகடை சொல்லட்டும்."

"கிழவர் ஆட்டம் முடியற வரைக்கும் தாக்குப் பிடிச்சா அடுத்த மாசம் தம்பிதான் நடத்தணும்" என்றாள் மனைவி. மெக்கானிக் சரியென்றார். தன் நாற்காலியையே பணயம் வைத்துவிட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிழவருக்கும் ஒரு தாள் தயாரானது; மைத்துனன் அவரை வைத்து ஆடினான். ஆறு மந்திரம். ஒரு மணி நேரத்தில் ஐந்து கரைந்துபோயின. தாளில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்கும்போது மெக்கானிக் முகத்தில் பூரிப்புத் தாங்கவில்லை.

பிறகு கயிற்றுப் பாலம் வந்தது, அறுந்தது. அதில் நின்றிருந்தவள் கோட்டைச் சுவரேறும் 'மதிலேறி'. ஒன்பது வருடமாக மனைவி வைத்து விளையாடும் பாத்திரம். கிழிந்த தாளை மருத்துவமனைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தாள். மைத்துனன் யோசிக்கவே இல்லை. ஆறாவது மந்திரத்தைப் போட்டு அவளைக் காற்றில் தாங்கிப் பிடித்தான்.

தாங்கிப் பிடித்திருக்கும்போது மந்திரவாதிக்கு அடி பட்டால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்துக்குக் கீழே விழுந்தால் பிடி போய்விடும். இது விதி. எதிர்க்கரையில் ஒரே ஒரு வில்லாளி பாக்கி. அவனுக்கு நேர் எதிரே நின்றது பல் மருத்துவரின் வாள்வீரன். ஆனால் அம்பு யார்மேல் என்பது மட்டும் விதிப்புத்தகத்தில் இல்லை. அது நடத்துபவர் இஷ்டம். ஒன்பது வருடமாக நியாயம் பார்த்த இடத்தில் அன்றைக்குப் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது.

"அம்பு மந்திரவாதி மேல. உருட்டு மச்சான்."

நான்கு விழுந்தது.

அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. கிழவரைக் குறிபார்த்த அவசரத்தில், கிழவர் யாரைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதையே மறந்துவிட்டார்.

"பாலம் இருநூறு அடி உயரம்னு சொன்னீங்க இல்ல?" என்றாள் மனைவி.

"கீழ தண்ணி இருக்குன்னு வெச்சுக்கலாம்." அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை.

"வேண்டாங்க. வரைபடத்துல கீழ பாறைன்னு நீங்கதான் எழுதினீங்க. நமக்காக மாத்துறதா இருந்தா அப்புறம் எதுக்கு உருட்டணும்?"

சொல்லிக்கொண்டே பிளாஸ்திரி ஒட்டிய தாளை நீவிவிட்டாள். அதன்மேல் கண்ணீர் சொட்டியது. அவர் ஆசைப்பட்ட அதே கண்ணீர், அவர் மேஜையிலேயே. அவரால் பார்க்க முடியவில்லை. அவள் தாளை மடித்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"இவள உன் கதையில சேத்துக்கோடா. அங்க விழுந்தா யாராவது பிடிச்சுக்குவாங்க."

ஆறும் தீர்ந்துபோன கிழவர் ஆட்டம் முடியும்வரை தாக்குப் பிடிக்கவில்லை; பந்தயத்தில் ஜெயித்தது மெக்கானிக்தான். நாற்காலியும் அவருக்கே. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மருத்துவமனையில் வேலை இருக்கிறது என்று மனைவி கிளம்பிப் போய்விட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை அவள் போனபிறகு வார இதழ் வந்தது. அவர் நின்றபடியே படித்தார். மதிலேறி ஒருத்தி மலை உச்சியிலிருந்து விழுகிறாள். காலையிலிருந்து அலைந்து ஓய்ந்துபோன ஒற்றைச் செருப்புக் கிழவர் கையை நீட்டுகிறார். அவள் காற்றில் நிற்கிறாள். எப்படி என்று மைத்துனன் ஒரு வரிகூட எழுதவில்லை.

மெக்கானிக்குக்கு வயிறு அப்போதும் எரிந்தது. பழக்கம் விடவில்லை, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கிழவருக்கு அன்றைய பொழுதில் அது ஏழாவது மந்திரம். நோட்டை எடுத்து, அத்தியாயத்தின் எண்ணைப் போட்டு, பக்கத்தில் மந்திரம் ஆறு என்று எழுதினார்.